வரம்பு போட்டால் வயல் பெருகுமா?

பங்குப் பிரிப்புப் பற்றிக் குடும்பப் பெண்கள் தெரிந்திருக்க வேண்டியவை

கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து மேற்கே போனால் சொறிக்கல்முனை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயல். அந்த வட்டையில் உங்களுக்கு ஓர் ஏக்கர் காணி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வாப்பா சீதனமாக எழுதித் தந்தது. போகத்துக்கு 30 மூடை நெல் தருகிறது.

ஒருநாள் ஒருவர் வந்து, அந்த ஏக்கருக்குக் குறுக்கே ஒன்பது வரம்புகளைப் போட்டுப் பத்துத் துண்டுகளாக்கி விடுகிறார். "நேற்று உங்களுக்கு ஒரு வயல்தான் இருந்தது. இன்று பத்து வயல்!" என்று கையைக் குலுக்கிச் சொல்கிறார். நீங்கள் மகிழ்ந்து போவீர்களா? மாட்டீர்கள். வரம்புக்குப் போன மண்ணைக் கணக்கில் விட்டாலும், காணி அதே 160 பேர்ச்சஸ்தான். நெல் அதே 30 மூடைதான். ஒரு துண்டுக்கு மூன்று மூடை என்று இனி எண்ணலாம், அவ்வளவே.

வயல் விடயத்தில் நம்மை யாரும் இப்படி ஏமாற்ற முடியாது. ஆனால் கம்பனிப் பங்கு விடயத்தில்? "உங்கள் 100 பங்குகள் 1,000 பங்குகளாகி விட்டன" என்று ஒரு கடிதம் வந்தால், சிலர் பத்து மடங்கு இலாபம் வந்ததென்று மகிழ்கிறார்கள். "நேற்று 200 ரூபா விலை போன பங்கு இன்று 20 ரூபா" என்று கேள்விப்பட்டால், சிலர் நெஞ்சில் கை வைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒரே செய்திதான். இரண்டு பேருமே ஏமாறுகிறார்கள்.

பங்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்காதீர்கள், சகோதரிகளே. கணவர் வேலை செய்த கம்பனி ஊழியருக்கென்று தந்த பங்கு, வாப்பா எப்போதோ வாங்கிப் போட்ட பங்கு, வெளிநாட்டிலிருக்கும் மகன் உங்கள் பெயரில் எடுத்த பங்கு என்று எத்தனையோ வீடுகளில் அலுமாரிக்குள் ஒரு கடிதக் கட்டு இருக்கத்தான் செய்கிறது. அதைத் திறந்து பார்க்க வேண்டிய நாள் பெரும்பாலும் ஒரு மௌத்துக்குப் பின்னர்தான் வருகிறது. அன்று அந்த வீட்டில் முடிவெடுக்க வேண்டியவர் ஒரு பெண்ணாகவே இருப்பார். ஆகவே இப்போதே தெரிந்துகொள்வோம்.

பிரிப்பு என்றால் என்ன?

ஒரு கம்பனியின் உரிமையைச் சம துண்டுகளாக்கினால் ஒவ்வொரு துண்டும் ஒரு பங்கு. ஏற்கனவே உள்ள ஒவ்வொரு பங்கையும் கம்பனி இன்னும் சிறிய பங்குகளாக வெட்டுவதே பங்குப் பிரிப்பு. கம்பனிகள் அனுப்பும் கடிதங்களில் 'உபபிரிவு' என்ற சொல் இருக்கும். தரகர்கள் 'ஷெயார் ஸ்ப்ளிட்' என்பார்கள். மூன்றும் ஒன்றே.

நம் நாட்டில் நடந்ததையே பார்ப்போம். 1878இல் காலியில் தொடங்கிய ஹேலீஸ் கம்பனியை அறியாதவர் குறைவு. அந்தக் கம்பனி 2021இல் தன் ஒவ்வொரு பங்கையும் பத்தாகப் பிரித்தது. 7 கோடியே 50 இலட்சமாக இருந்த மொத்தப் பங்குகள் 75 கோடி ஆயின. அதே ஆண்டில் அதே குழுமத்தைச் சேர்ந்த டிப்ட் புரொடக்ட்ஸ், ஹேகார்ப் ஆகியனவும், ரோயல் செரமிக்ஸ் கம்பனியும் ஒன்றைப் பத்தாக்கின. லங்கா டைல்ஸ், லங்கா வோல்டைல்ஸ் ஆகியன ஒன்றை ஐந்தாக்கின. அந்த ஆண்டு கொழும்புப் பங்குச் சந்தையில் பிரிப்பு ஒரு பருவமழை போலப் பெய்தது எனலாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். உங்களிடம் 100 பங்குகள். ஒன்றின் விலை 600 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60,000 ரூபா. ஒன்று பத்தானதும் உங்களிடம் 1,000 பங்குகள். விலை 60 ரூபாவாக இறங்கும். மொத்தம் மறுபடியும் அதே 60,000 ரூபா.

பங்கிலாபமும் இப்படித்தான். முன்பு பங்கொன்றுக்கு 20 ரூபா தந்த கம்பனி, அதே இலாபத்தில் இனி 2 ரூபா தரும். 100 பேருக்கு 20 வீதம் கொடுத்தாலும் 1,000 பேருக்கு 2 வீதம் கொடுத்தாலும் 2,000 ரூபாதானே! கம்பனிக் கூட்டத்தில் உங்கள் வாக்கின் பலமும் மாறாது. உங்கள் வாக்குகள் பத்து மடங்கானபோது மற்ற எல்லோருடைய வாக்குகளும் பத்து மடங்காகி விட்டன.

இந்தியாவில் பங்கின் மேல் ஒரு 'முகப் பெறுமதி' அச்சிடப்பட்டிருக்கும். பிரிக்கும்போது அந்த 10 ரூபா, 5 ரூபாவாகவோ 2 ரூபாவாகவோ 1 ரூபாவாகவோ குறையும். இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் அந்த முகப் பெறுமதியையே எடுத்து விட்டது. ஆகவே இங்கே எண்ணிக்கை மட்டுமே கூடும். இந்தியச் சஞ்சிகைகளில் வாசிப்பவர்கள் இந்த வேறுபாட்டை மனத்திற் கொள்ள வேண்டும்.

பின் எதற்காகப் பிரிக்கிறார்கள்?

பெறுமதி கூடாதென்றால் கம்பனி ஏன் சிரமப்பட வேண்டும்? காரணம் உண்டு. ஓர் ஏக்கரை மொத்தமாக வாங்க எல்லோராலும் முடியாது. பத்துப் பேர்ச்சஸ் துண்டுகளாக்கினால் வாங்க ஆள் வரும். பங்கும் அப்படித்தான். விலை எட்டாத உயரத்திலிருந்தால் சிறு சேமிப்புக்காரர் கிட்ட வரமாட்டார். பிரித்தால் வாங்குபவரும் விற்பவரும் கூடுவர். வேண்டிய நேரத்தில் விற்றுக் காசாக்குவது இலகுவாகும்.

நமக்கும் இதில் ஒரு வசதி உண்டு. மகளின் படிப்புக்கு அவசரமாகக் கொஞ்சம் பணம் தேவையென்றால், தேவையான அளவுக்கு மட்டும் சில பங்குகளை விற்று மிகுதியை வைத்துக்கொள்ளலாம். தரகுக் கூலி விற்கும் பெறுமதியின் மீது வீதக் கணக்கில் அறவிடப்படுவதால், எண்ணிக்கை கூடியதற்காகக் கூலி கூடாது.

ஆனால் பிரித்தால்தான் கம்பனி நல்லது என்று எண்ண வேண்டாம். சென்னைத் திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கி, டயர் உற்பத்தியில் பேரெடுத்த எம்.ஆர்.எஃப். கம்பனியின் ஒரு பங்கு, 2023 ஜூன் 13ஆம் திகதி ஒரு இலட்சம் இந்திய ரூபாவைத் தாண்டியது. விலை அத்தனை ஏறியும் அவர்கள் பங்கைப் பிரிக்கவில்லை. அமெரிக்காவின் ஆப்பிள் கம்பனியோ 2020 ஓகஸ்டில் ஒன்றை நான்காக்கியது. சுமார் 500 டொலராக இருந்த பங்கு சுமார் 125 டொலராயிற்று. பிரிக்காதவரின் பங்குதாரரும் செல்வரானார், பிரித்தவரின் பங்குதாரரும் செல்வரானார். செல்வம் வந்தது கம்பனி செய்த வியாபாரத்தால்.

'மலிவு' என்னும் மயக்கம்

பிரிப்பில் மறைந்திருக்கும் முதல் ஆபத்து இதுதான். 600 ரூபாப் பங்கு 60 ரூபாவுக்கு வந்ததும், "இப்போது மலிவு, வாங்குங்கள்" என்று நான்கு பேர் சொல்வார்கள். முழுத் தர்ப்பூசணி 600 ரூபா. அதில் பத்தில் ஒரு கீற்று 60 ரூபா. கீற்று மலிவா? விலை சிறிதாகி விட்டது, மலிவாகவில்லை. ஒரு பங்கு மலிவா இல்லையா என்று அறிய, அந்தப் பங்குக்குக் கம்பனி ஆண்டில் எவ்வளவு உழைக்கிறது என்று பார்க்க வேண்டும். பிரித்த அன்று அந்த உழைப்பும் பத்தில் ஒன்றாகி விடுகிறது.

2020இல் வீட்டிலிருந்தபடி கைத்தொலைபேசியிலேயே பங்குக் கணக்குத் திறக்கும் வசதி வந்தது. கொரோனா முடக்கத்தில் வீட்டிலிருந்த இளைஞர் பலர் சந்தைக்குள் நுழைந்தார்கள். 2021இல் பிரிப்புச் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2022 ஜனவரியில் கொழும்பின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 13,000ஐத் தாண்டியது. அதன்பின் டொலர் இல்லை, எரிபொருள் இல்லை, எரிவாயு வரிசை என்று நாம் பட்ட பாட்டை நினைவூட்டத் தேவையில்லை. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர முடியாது என்று அரசு அறிவித்தது. சந்தையே சில நாட்கள் மூடப்பட்டது. சுட்டெண் 8,000க்குக் கீழே இறங்கியது. துண்டு சிறிதென்று நம்பி உச்சத்தில் வாங்கியவரை அந்தச் சிறிய துண்டு காப்பாற்றவில்லை.

மாறிப் புரிந்துகொள்ளும் மூன்று கடிதங்கள்

இரண்டாவது ஆபத்து, ஒரு கடிதத்தை இன்னொன்றாக எண்ணுவது. மூன்றை வேறுபடுத்தக் கற்றுக்கொள்ளுங்கள்.

முதலாவது, உபபிரிவுக் கடிதம். இதற்கு நீங்கள் காசு கட்டத் தேவையில்லை. ஒன்றும் செய்யாவிட்டாலும் பங்கு தானாகப் பிரிந்து உங்கள் பெயரில் சேரும். பிரிப்புக்கென்று யாராவது உங்களிடம் பணம் கேட்டால் அவரை வாசலோடு அனுப்பி விடுங்கள்.

இரண்டாவது, உரிமைப் பங்குக் கடிதம். "உங்களிடம் உள்ள இத்தனை பங்குகளுக்கு ஒரு புதிய பங்கை இன்ன விலைக்கு வாங்கலாம்" என்று அதில் இருக்கும். இதற்குக் காசு வேண்டும், கடைசித் திகதியும் உண்டு. வாங்க வசதியில்லாவிட்டால் அந்த உரிமையையே சந்தையில் விற்கலாம். பேசாமல் இருந்தால் இரண்டும் கைநழுவும்.

இவ்விரண்டும் அடுத்தடுத்து வந்ததும் உண்டு. ஜோன் கீல்ஸ் ஹோல்டிங்ஸ் 2024இல் 10 பங்குகளுக்கு ஒரு புதிய பங்கு, விலை 160 ரூபா என்று உரிமைப் பங்கு வழங்கியது. அதையடுத்து ஒவ்வொரு பங்கையும் பத்தாகப் பிரித்தது. 100 பங்கு வைத்திருந்த ஒரு பெண்மணியை எண்ணிப் பாருங்கள். 1,600 ரூபா கட்டியிருந்தால் 110 பங்காகி, பிரிப்பின்பின் 1,100 பங்காகியிருக்கும். எல்லாம் தானாக நடக்கும் என்று இருந்திருந்தால் 1,000 பங்குதான். இருநூறு ரூபாவை ஒட்டியிருந்த பங்கு விலை இருபது ரூபாவை ஒட்டி வந்தது பிரிப்பினால். அதில் நட்டமில்லை. நட்டம், திகதி தவறிய அந்த உரிமையில்தான்.

மூன்றாவது, ஒருங்கிணைப்புக் கடிதம். இது பிரிப்பின் மறுபக்கம், அதாவது வரம்பை வெட்டி விடுவது. 2011இல் இயங்கத் தொடங்கிய அமானா வங்கியின் பங்குகள் நம்மவர் வீடுகள் பலவற்றில் உண்டு. அவ்வங்கி 2023இல் உரிமைப் பங்கு வழங்கி மூலதனத்தைக் கூட்டியது. அதன் தொடர்ச்சியாக 10 பங்குகளை ஒன்றாக்கியது. 10,000 பங்கு வைத்திருந்தவருக்கு 1,000 பங்கு என்று வந்தபோது, "மிச்சம் 9,000 எங்கே போனது?" என்று கேட்கத் தோன்றும். எங்கேயும் போகவில்லை. ஒரு பங்கின் விலை அதே விகிதத்தில் உயர்ந்து விட்டது.

சில வேளை பிரிப்பு முழு எண்ணில் வராது. ஜோன் கீல்ஸ் முன்னொரு முறை 7 பங்கை 8 ஆக்கியது. 100 பங்குக்கு 114 போக ஒரு சிறு பின்னம் மிஞ்சும். இத்தகைய பின்னங்களைக் கம்பனி ஒன்றுசேர்த்து விற்பது வழக்கம். அந்தக் காசு என்னவாகும் என்பது கடிதத்திலேயே எழுதப்பட்டிருக்கும். சிறிய எழுத்தென்று தாண்டிப் போகாதீர்கள்.

பழைய பெட்டியும் பழைய எண்ணும்

இனி நம்மை நேரடியாகத் தொடும் விடயத்துக்கு வருவோம்.

வாப்பா மௌத்தாகி, உம்மா இத்தாவில் இருக்கிறார். ட்ரங்குப் பெட்டியைத் திறந்தால் மஞ்சளித்த ஒரு பங்குச் சான்றிதழ். '100 பங்குகள்' என்று அச்சிடப்பட்டிருக்கிறது. தெரிந்த ஒருவரிடம் விலை விசாரிக்கிறார்கள். "அந்தக் கம்பனிப் பங்கு இப்போது 20 ரூபா. 2,000 ரூபா பெறும். அலைச்சல் எதற்கு, நான் 3,000 தருகிறேன், கையொப்பத்தைப் போடுங்கள்" என்கிறார் அவர். ஆயிரம் ரூபா கூடக் கிடைத்த நன்றியில் உம்மா பேனையை எடுக்கிறார்.

நிறுத்துங்கள்! சான்றிதழில் இருப்பது அது அச்சிடப்பட்ட நாளின் எண். விலையோ இன்றைய விலை. இடையில் ஒன்று பத்தாகப் பிரிந்திருந்தால், கம்பனியின் பதிவேட்டில் வாப்பாவின் பெயரில் இருப்பது 1,000 பங்குகள். பெறுமதி 20,000 ரூபா. இரண்டு முறை பிரிந்திருந்தால் இன்னும் கூட. பழைய எண்ணை இன்றைய விலையால் பெருக்கிய ஒரே ஒரு தவறில், அநாதைப் பிள்ளைகளின் சொத்தில் பெரும் பகுதி கைமாறிப் போகப் பார்த்தது. பிரிப்பு யாருக்கும் ஒன்றும் கொடுப்பதில்லை, எவரிடமிருந்தும் ஒன்றும் எடுப்பதில்லை. அதை அறியாமைதான் எடுத்துக்கொள்கிறது.

ஆகவே பழைய சான்றிதழ் கையில் கிடைத்தால் முதலில் செய்ய வேண்டியது விலை கேட்பதல்ல. கம்பனியின் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதி, "இன்ன பெயரில் இன்று உங்கள் பதிவேட்டில் எத்தனை பங்குகள் உள்ளன? வழங்கப்படாத பங்கிலாபம் ஏதும் உண்டா?" என்று இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பதில் வரும்வரை எந்தத் தாளிலும் கையொப்பமிட வேண்டாம்.

சான்றிதழே இல்லாவிட்டால்? 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி வந்தபோது மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் உயிர்களோடு காணி உறுதிகளும் கடதாசிகளும் போயின. தாள் போனால் பங்கு போய்விடாது. பங்கு இருப்பது பதிவேட்டில். கம்பனிக்கு அறிவித்து, அவர்கள் கேட்கும் உறுதிமொழிகளைக் கொடுத்துப் புதிய சான்றிதழ் பெற வழியுண்டு. 1991இல் தொடங்கிய சீ.டீ.எஸ். எனப்படும் மத்திய வைப்பகத்தில் ஒரு கணக்குத் திறந்து பங்குகளை அதில் சேர்த்துவிட்டால் தாள் காக்கும் கவலையே இல்லை. பிரிப்போ ஒருங்கிணைப்போ நடந்தால் அக்கணக்கில் எண்ணிக்கை தானே திருத்தப்படும்.

வாரிசுப் பங்கும் ஸக்காத்தும்

பிரிப்பினால் நம் வீடுகளில் உண்மையாகவே இலகுவாகும் ஒரு காரியம் உண்டென்றால், அது வாரிசுப் பங்கீடுதான். ஒருவர் 100 பங்குகளை விட்டு மௌத்தாகிறார். பெற்றோர் இல்லை. மனைவியும் இரு ஆண் மக்களும் ஒரு மகளும் இருக்கிறார்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது பன்னிரண்டரைப் பங்கு. மிகுதியில் மகளுக்குப் பதினேழரை. ஆண் மக்களுக்கு 35 வீதம். அரைப் பங்கை யார் பெயரில் எழுதுவது? பெரும்பாலும் "உம்மாவுக்கு 12 போதும், மகளுக்கு 17 போதும்" என்று பெண்களின் அரைகள்தான் கழிக்கப்படும். அதே பங்குகள் 1,000 ஆகியிருந்தால் மனைவிக்கு 125, மகளுக்கு 175, ஆண் மக்களுக்கு 350 வீதம். ஒரு குறையுமின்றிப் பிரிந்து விடுகிறது. உரியவருக்கு உரியது எண்ணிக்கையிலேயே போய்ச் சேர்கிறது.

ஸக்காத் விடயத்திலும் குழம்ப வேண்டாம். பங்கு பத்து மடங்கானதால் ஸக்காத் பத்து மடங்காகாது. ஒன்றாக்கப்பட்டதால் குறையவும் மாட்டாது. கணக்கு, பெறுமதியின் மீதுதான். அந்தப் பெறுமதியை எப்படி மதிப்பிடுவது என்பதை உங்கள் ஊர் உலமாக்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். அதேபோல, கம்பனி செய்யும் தொழில் நமக்கு ஆகுமானதா என்ற கேள்விக்கும் பிரிப்புக்கும் தொடர்பில்லை. ஆகாத தொழிலின் பங்கை நூறாக வெட்டினாலும் ஒவ்வொரு துண்டும் அதே தொழிலின் துண்டுதான். எண்ணிக்கையைக் காட்டி இழுப்பவரிடம், "இந்தக் கம்பனி எதை விற்று உழைக்கிறது?" என்று முதலில் கேளுங்கள்.

இன்று மஃரிபுக்குப் பின்...

இதை வாசித்து முடித்ததும் ஒரு கொப்பியை எடுங்கள். வீட்டில் யார் பெயரில் எந்தக் கம்பனியில் பங்கு இருக்கிறது, சான்றிதழ் எங்கே, சீ.டீ.எஸ். கணக்கு இலக்கம் என்ன, தரகர் யார் என்று கணவரிடமோ வாப்பாவிடமோ கேட்டு எழுதுங்கள். கம்பனியிடமிருந்து வரும் கடிதம் ஒவ்வொன்றிலும் மூன்றைத் தேடுங்கள்: பிரிப்பா, உரிமைப் பங்கா, ஒருங்கிணைப்பா? காசு கட்ட வேண்டுமா? கடைசித் திகதி எப்போது? எழுதி முடித்ததும் அந்தக் கொப்பியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று வளர்ந்த மகளுக்கும் மகனுக்கும் சொல்லி வையுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். காணி உறுதி எங்கே இருக்கிறதென்று கேட்கிறோம், நகை எந்தப் பெட்டியில் என்று கேட்கிறோம். இதுவும் அப்படித்தான்.

சொறிக்கல்முனை வயலில் நிற்கும் ஒரு பெண்ணிடம், "வரம்பு போட்டதால் உன் வயல் பெருகி விட்டது" என்று எவரும் சொல்லத் துணியமாட்டார். ஏனென்றால் தன் காணியின் எல்லை அவளுக்குத் தெரியும். நம் பெயரிலுள்ள மற்றச் சொத்துகளின் எல்லையையும் அதே போல நாம் தெரிந்துவைத்திருப்போம்.